திண்ணையில் ஓர் இடம்

வன்னியில் இடம்பெயர்வை அறியாத குடும்பம் அரிது. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டவர்களும், 1996இல் கிளிநொச்சியை விட்டு வெளியேறியவர்களும், 2009இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்களும் தங்கள் கதையைச் சொல்லும்போது எங்கோ ஓரிடத்தில் ஒரு நாய் வந்து நிற்கும். உழவு இயந்திரப் பெட்டியின் பின்னால் ஓடிவந்து களைத்து நின்ற நாய். கட்டை அவிழ்த்துவிட்டும் வாசலை விட்டு நகராத நாய். மனிதரையே காப்பாற்ற முடியாத வேளையில் விட்டு வந்தோம் என்று சொல்லிவிட்டுச் சற்று மௌனமாவார்கள்.

இன்று போர் இல்லை. ஆனாலும் சந்தையடியிலும் கோயில் வாசலிலும் கண் திறவாத குட்டிகள் பெட்டியோடு விடப்படுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை பெட்டைக் குட்டிகள். பிழைப்பவை கட்டாக்காலிகளாகின்றன. ஆட்டுக்குட்டியைக் கடிக்கின்றன, சைக்கிளில் பாடசாலை செல்லும் பிள்ளையைத் துரத்துகின்றன. இது இரக்கம் பற்றிய விடயம் மட்டுமல்ல. கிராமத்தின் சுகாதாரம் பற்றியதுமாகும்.

ஒரு வீட்டில் தொடங்கியது

1959இல் சென்னையில் பெருமழை பெய்தபோது, வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானி கப்டன் சுந்தரம் தூக்கித் தமது வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனைவி உஷாவும் பிள்ளைகளும் அவற்றைப் பராமரித்தனர். இன்று பலரும் அறிந்த ‘புளூ குரொஸ்’ சங்கத்தின் தொடக்கம் இதுவே. கட்டடமோ நிதியோ அன்று இருக்கவில்லை. ஒரு வீடு இருந்தது. நாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து தடுப்பூசி ஏற்றலாம் என இச்சங்கம் 1960களிலேயே வாதாடியது. சென்னை மாநகராட்சி அதனை ஏற்றுச் செயற்படத் தொடங்கியது 1996இல்தான். இலங்கையில் கட்டாக்காலி நாய்களைக் கொல்வதைக் கைவிடும் கொள்கை 2006இல் வந்தது.

நம்மிடத்திலும் முன்மாதிரி உண்டு. கிளிநொச்சி மாவட்டத்தின் இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கென ஒரு சரணாலயத்தை அமைத்தது. எனினும் எல்லாக் கிராமத்திலும் சரணாலயம் கட்ட இயலாது. அதற்குக் காணி, வேலி, நாளாந்த உணவு, சம்பளம் யாவும் வேண்டும். அங்கேதான் வளர்ப்பு வீட்டு முறை கைகொடுக்கிறது.

வளர்ப்பு வீடு என்பது என்ன?

உலகின் பல நாடுகளில் தொண்டர் குழுக்கள் கட்டடமின்றியே இயங்குகின்றன. கைவிடப்பட்ட ஒரு குட்டியை ஒரு குடும்பம் சில வாரங்களுக்குத் தன் வீட்டில் வைத்துக்கொள்கிறது. அது நிரந்தர உரிமை அல்ல, இடைக்காலப் பொறுப்பு. குழுவிலுள்ள வேறொருவர் கால்நடை வைத்தியரிடம் கொண்டுசெல்வார். மற்றொருவர் உணவுக்கு உதவுவார். இன்னொருவர் நல்ல வீடு தேடுவார். பூச்சி மருந்தும் தடுப்பூசியும் கொடுத்து, உரிய வயதில் கருத்தடைக்கும் ஒழுங்குசெய்து, விசாரித்து அறிந்த வீட்டிற்கே குட்டியைக் கொடுப்பார்கள். ஒரு வீடு வெறுமையானதும் அடுத்த குட்டிக்கு இடம் கிடைக்கிறது.

இதில் ஒழுங்கு முக்கியம். புதிதாக வந்த குட்டியை வீட்டு நாயிலிருந்து இரண்டு வாரமாவது பிரித்து வைக்க வேண்டும்; இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் பாவோ வைரசு நோய் விரைவில் தொற்றும். கொள்ளளவுக்கு மேல் ஏற்கவும் கூடாது. இரக்க மிகுதியால் பத்துக் குட்டிகளை ஏற்ற வீட்டில் குட்டிகளும் நலிந்துபோகும், வீட்டாரும் களைத்துப்போவர். ‘இப்போது இடமில்லை’ என்று சொல்வதும் சேவையின் ஒரு பகுதியே.

விசர்நாய்க்கடி

1973இல் இலங்கையில் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் இறந்தனர். நாய்களுக்கான தடுப்பூசியாலும் மனிதருக்கான சிகிச்சையாலும் இத்தொகை பெருமளவு குறைந்துள்ளது. ஆயினும் நோய்க்குறி தோன்றிய பின் உயிர் பிழைப்பது அரிதிலும் அரிது. ஒரு பிரதேசத்து நாய்களில் 70 வீதத்துக்காவது தடுப்பூசி ஏற்றினால் நோய் பரவுவது தடைப்படும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. உரிமையாளர் இல்லாத நாயைத் தடுப்பூசி முகாமுக்கு யார் பிடித்துக்கொண்டு வருவார்? அந்த நாயை அறிந்த தொண்டரே வருவார். இதுவே இக்குழுக்கள் ஊருக்குச் செய்யும் பெரிய சேவை.

கடித்தது சிறு குட்டியாயினும், கீறியது சிறு கீறலாயினும் அலட்சியம் வேண்டாம். காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

மனிதருக்கே இல்லாதபோது…

இக்கேள்வி நியாயமானது. ஆனால் நாயால் பயன்பெறுவோரும் வறியவர்களே. ஆண் துணையின்றிக் குடும்பம் நடத்தும் தாய்மாருக்கு இரவில் குரைக்கும் நாயே காவல். காட்டோரக் குடிசைக்கு யானை வருவதை முதலில் அறிவிப்பதும் அதுவே.

ஆபத்து வேளையிலும் இதனை மறக்கலாகாது. 2005இல் அமெரிக்காவில் கத்ரீனா சூறாவளியின்போது, வளர்ப்புப் பிராணிகளை விட்டுவர மறுத்துப் பலர் வெள்ளத்தில் தங்கினர். அவற்றையும் வெளியேற்றத் திட்டமிடவேண்டும் என 2006இல் அங்கு சட்டம் இயற்றப்பட்டது. 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளம் சூழ்ந்தது. அத்தகைய நாள் மீண்டும் வந்தால் மேட்டு நிலத்து வீடுகள் சில முன்கூட்டியே பெயர் கொடுத்திருப்பது எவ்வளவு உதவும்!

நாம் செய்யக்கூடியவை

1. பங்கிலோ கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ ஐந்து வீடுகள் முன்வரட்டும். ஒரு வீட்டுக்கு ஒரு குட்டி போதும்.
2. ஒரு கொப்பியில் குட்டி வந்த நாள், ஊசி போட்ட நாள், சென்ற வீடு ஆகியவற்றைப் பதியுங்கள்.
3. கால்நடை வைத்தியரையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் முதலிலேயே சந்தித்து, தடுப்பூசி, கருத்தடை முகாம்களின் நாட்களைக் கேட்டறியுங்கள்.
4. பெட்டைக் குட்டியை வீசுவதற்குப் பதிலாகக் கருத்தடை செய்விக்கலாம் என்பதை வீடு வீடாக எடுத்துச் சொல்லுங்கள்.

செல்வந்தனின் வாசலில் கிடந்த லாசரின் புண்களை நக்க நாய்கள்தாம் வந்தன என்கிறது நற்செய்தி. இளம் தோபியாவின் நெடும் பயணத்திலும் ஒரு நாய் கூடவே சென்றது. நமது நெடும் பயணங்களிலும் அவை பின்னால் ஓடிவந்தன. அன்று நம்மால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. இன்று திண்ணை இருக்கிறது. அதில் ஒரு மூலையைச் சில வாரங்களுக்குக் கொடுப்பது நம்மால் இயலாததல்ல.