போனஸை நம்பி தீபாவளி பர்ச்சேஸா? ஒரகடம் தொழிலாளர்கள் முதல்ல இதைப் பாருங்க!

2025-ல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை வந்தது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஏறுபவர்களிடம் ஓடும் பேச்சு ஒன்றுதான்: "போனஸ் போட்டாச்சா?"

யாருக்கு எவ்வளவு?

2025 தீபாவளி நேரத்தில் நடைமுறையில் இருந்த 1965 போனஸ் சட்டப்படி, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 21,000 ரூபாய்க்கு மிகாமல் வாங்கியவர்களுக்கு போனஸ் இருந்தது. நிதியாண்டில் 30 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் பொருந்தும். குறைந்தது 8.33%, அதிகபட்சம் 20%.

ஆனால் முழுச் சம்பளத்துக்கும் கணக்குப் போட மாட்டார்கள். மாதம் 7,000 ரூபாய் அல்லது அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம், எது அதிகமோ அதுதான் அப்போது உச்சவரம்பு. 7,000 என்று வைத்தால், வருடம் முழுக்க வேலை பார்த்தவருக்குக் குறைந்தபட்சம் 6,997 ரூபாய். 5 மாதம் என்றால் 2,916 ரூபாய்தான்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 2025 தீபாவளி போனஸ் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான வேலைக்கானது. 2025 ஜூனில் சேர்ந்தவருக்கு அந்தத் தீபாவளிக்கு சட்டப்படி எதுவும் கிடையாது. அப்ரண்டீஸ்களுக்கும் இல்லை. அதோடு, நிதியாண்டு முடிந்து 8 மாதம், அதாவது நவம்பர் 30 வரை போனஸ் தர அவகாசம் இருக்கு. தீபாவளிக்கு முன் தருவது வழக்கம்தான், கட்டாயம் இல்லை. அதனால் அக்கவுண்ட்டில் ஏறாத பணத்தை பட்ஜெட்டில் சேர்க்காதீங்க.

முதல் செலவு டிக்கெட்

ஊருக்குப் போக, திரும்ப இரண்டுக்கும் முதலில் பணம் ஒதுக்கணும். துணி எடுத்துவிட்டு கடைசி நேரத்தில் ஆம்னி பஸ் ஏறினால் மொத்த கணக்கும் கவிழும். தென் மாவட்டம் போறவங்க கிளாம்பாக்கம் கூட்டத்தில் சிக்காமல், சிங்கப்பெருமாள்கோவில் வழியாக செங்கல்பட்டு போய் அங்கே நிற்கும் ரயிலில் முன்பதிவில்லா டிக்கெட்டில் ஏறலாம். உட்கார இடம் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம்!

துணி, போன், பலகாரம்

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியிருக்கு. 2,500 ரூபாய் வரை ரெடிமேட் துணிக்கு 5%. அதைத் தாண்டினால் 18%. நெய், பாக்கெட் மிக்சர், முறுக்குக்கு 12%லிருந்து 5%. செல்போனுக்கு அதே பழைய 18%தான். "ஜிஎஸ்டி குறைஞ்சிருக்கு"ன்னு போன் விற்றால் நம்ப வேண்டாம். கைத்தறி வேண்டுமென்பவர்களுக்கு 2025 தீபாவளிக்கு கோ-ஆப்டெக்ஸில் 30% தள்ளுபடி இருந்தது.

'நோ காஸ்ட் இஎம்ஐ' என்றாலும் செலவு இருக்கு. பிராசஸிங் கட்டணம் 299 ரூபாய் என்றால் வரியோடு 353 ரூபாய். ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியும் போய்விடும். கடையில் இரண்டு விலையையும் கேட்டுப் பாருங்க.

2025 தீபாவளிக்கு பட்டாசு வெடிக்க காலை 6-7, இரவு 7-8 என மொத்தமே 2 மணி நேரம்தான் இருந்தது. பெரிய பாக்ஸ் தேவையா என்பதை அதை வைத்து முடிவு செய்யலாம்.

வர வேண்டிய போனஸ் வரவில்லை என்றால், தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம். பே ஸ்லிப், ஐடி கார்டு நகலை இப்போதே போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்க.