நாய் விடுதி: நகரத்தை அடுத்த நிலத்தில் ஓர் உபதொழில்

நகரங்களுக்கு அருகில் நிலமுடைய குடியானவர்கள், கறவை மாட்டுக்கும் கோழிக்கும் வரவு செலவுக் கணக்குக் கேட்பது போலவே, சில வருஷங்களாக நாய் விடுதியைப் பற்றியும் நம்மிடம் விசாரித்து வருகிறார்கள். வெளியூர் செல்லும் நகரவாசிகள் தங்கள் நாய்களைச் சில தினங்களுக்கு ஒப்படைத்துச் செல்லும் இடமே நாய் விடுதியாம். கணவன் மனைவி இருவரும் உத்தியோகத்துக்குப் போகும் வீட்டார், காலையில் விட்டு மாலையில் அழைத்துச் செல்லும் பகற்காப்பும் இதனோடு சேர்ந்தே நடைபெறும். நாய் நம் இலாகாவின் பயிரன்று என்று சிலர் நகைக்கலாம். எனினும் நிலமும், கொட்டகையும், கிணற்று நீரும், மர நிழலும், வீட்டாரின் உழைப்பும் குடியானவனிடத்தில் ஏற்கெனவே உள்ளவை. அவற்றை எதற்குப் பயன்படுத்தலாம் என்று அவன் கேட்கும்போது, தெரிந்ததைச் சொல்லுவது நமது கடமை.

கோயமுத்தூரை அடுத்த ஒரு கிராமத்தில், தென்னந்தோப்பின் நடுவே, தம்பதிகள் இருவரும் ஒரு வேலையாளும் நடத்திவரும் விடுதியொன்றைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பழைய மாட்டுக் கொட்டகையே அங்கு பன்னிரண்டு அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கிறது. அதிகாலை 5 மணிக்கு அவ்வீட்டு அம்மாள் எழுந்தவுடன் முதலிற் செய்யும் வேலை, நாய்களை ஒவ்வொன்றாக வெளியே விட்டு, அவற்றின் மலத்தைக் கவனிப்பதே. இளகியிருக்கிறதா, சளியோ இரத்தமோ கலந்திருக்கிறதா, புழு தென்படுகிறதா என்று பார்த்து, அந்தந்த நாயின் பெயருக்கு நேரே நோட்டில் குறித்துக்கொள்ளுகிறார். அருவருப்பாகத் தோன்றினும், நோயை முந்திக் காட்டுவது இதுவே. இதைக் கூலியாளிடம் விடுவதில்லை.

பிறகு அறைகளைக் கழுவுதல். ஏழரை மணி முதல் பகற்காப்பு நாய்கள் வந்து சேரும். வந்த மாத்திரத்தில் அவற்றைக் கூட்டத்தில் விடலாகாது. ஒவ்வொன்றையும் காது, அக்குள், விரலிடுக்கு ஆகிய இடங்களில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, உடலளவிலும் சுபாவத்திலும் ஒத்தவைகளோடு மாத்திரம் சேர்க்கிறார்கள். தீனி எப்பொழுதும் தனித்தனி அறையில்தான். வெளியில் சிநேகமாக விளையாடும் இரண்டு நாய்கள் ஒரே தட்டைக் கண்டால் விரோதிகளாகிவிடும். பெரிய ஜாதி நாய்களைத் தின்ற உடனே ஓடவிடுவதுமில்லை. வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் நோய் அவற்றுக்கு வருவதுண்டு. அது வந்தால் சில மணி நேரத்தில் பிராணாபாயம். நடுப்பகலில் எல்லாம் உறங்கும். அப்பொழுது வீட்டாருக்கும் ஓய்வு என்று எண்ண வேண்டாம். உடையவர்களுக்குக் கைபேசியில் படம் அனுப்பும் வேலை அந்த நேரத்தில்தான் நடக்கிறது. கொட்டகை கழுவுவதை விட அதுவே அதிக நேரம் பிடிக்கிறது என்று அந்த அம்மாள் சொல்லுகிறார்.

முதல் இரண்டு இரவுகளே கஷ்டமானவை. புதிய இடத்துக்கு வந்த நாய் தின்னாது. சில நாய்கள் விடியுமட்டும் ஊளையிடும். சென்ற கோடையில் ஒரு கிழ நாய் இரண்டு நாள் தீனியைத் தொடவில்லை. உடையவரிடம் சொல்லி அவர் உடுத்துத் துவைக்காத பனியன் ஒன்றை வரவழைத்து அதன் படுக்கையில் இட்டார்கள். அன்றிரவு அதன்மேல் முகத்தை வைத்துப் படுத்தது. மறுநாட் காலை கஞ்சி குடித்தது. அதுமுதல் வீட்டுத் துணியொன்றும், வீட்டில் தின்று பழகிய தீனியும் உடன் கொண்டுவர வேண்டுமென்பது அங்கே சட்டமாகிவிட்டது. தீனியைத் திடீரென மாற்றினால் கழிச்சல் காணும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு விஷமாகையால், வீட்டுக் குழம்புச் சோற்றைப் பிசைந்து வைப்பதும் தகாது.

இவையெல்லாம் மாடு கட்டிப் பழகியவர்களுக்கு விரைவில் கைவரும். கைவராதது ஒன்றுண்டு, அது வாசலில் நின்று மறுப்பது. ஊசிச் சீட்டு இல்லாத நாயை எவர் கொண்டுவந்தாலும் உள்ளே விடலாகாது. கிராமத்தில் இது எளிதன்று. ஒரு தீபாவளிக்கு முன்தினம், அவ்விடுதிக்காரரின் தாய்மாமன் நான்கு மாதக் குட்டியொன்றைக் காரில் கொண்டுவந்தார். சீட்டு இல்லை.

"என் நாய்க்கே சீட்டுக் கேட்கிறாயா, மாப்பிள்ளை?"

"கோவிச்சுக்காதீங்க மாமா. ஊசி போட்டு, டாக்டர் சொல்லுகிற வாரக் கணக்கு முடிந்ததும் கொண்டு வாங்க. காசே வாங்காமல் வைத்துக்கொள்கிறேன்."

மாமன் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மூன்றாம் நாள் குட்டி இரத்தமாகக் கழிந்தது. பார்வோ என்று கால்நடை டாக்டர் கூறினார். அந்நோய்க் கிருமி உட்சென்று குறி தோன்ற வழக்கமாக நாலைந்து தினங்களாவது செல்லும். ஆகையால் வாசலுக்கு வந்தபோதே அது கிருமியோடு வந்திருக்க வேண்டும். ஆயினும் மாமன், விடுதி வாசலிலேயே நோய் ஒட்டியது என்று ஊரெல்லாம் சொல்லி வருகிறார். அதற்குப் பின் அவ்வீட்டு விசேஷங்களுக்கு அவர் வரவில்லை. விடுதிக்காரருக்கு இதில் மனத்தாங்கல் மிகுதி. ஆனால் சட்டத்தை மாற்றவில்லை.

அவர் செய்தது சரியே என்பது என் அபிப்பிராயம். பார்வோக் கிருமி மண்ணில் பல மாதங்கள் அழியாதிருக்கும். சாதாரணப் பினாயில் அதை ஒழிக்கும் என்று நம்புவதற்கில்லை. அழுக்கைக் கழுவிய பின்பு, 1 பங்கு சலவைத் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் வீதம் கலந்து பத்து நிமிஷம் ஊறவிட வேண்டும். சிமெண்டுத் தரைக்கு இது ஆகும். மண் முற்றத்துக்கு ஆகாது. அக்குட்டியை ஏற்றிருந்தால் தோப்பு முழுவதும் கெட்டிருக்கும். பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல், வெறிநோய் ஆகிய நான்குக்கும் தடுப்பூசிச் சீட்டைப் பார்ப்பதோடு, பருவத்துக்கு வந்த பெட்டையையும் ஏற்காதிருப்பது நலம். அந்த மூன்று வாரமும் கூட்டத்தில் சண்டை ஓயாது. சுற்று வட்டாரத் தெருநாய்களும் வேலியைச் சுற்றி வரும்.

வெறிநோயைப் பற்றிக் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டும். குறி தோன்றிய பின் அந்நோய் ஏறக்குறைய எப்பொழுதும் மரணத்திலேயே முடிகிறது. நாய்களிடையே வேலை செய்வோர் கடிபடுவதற்கு முன்பே டாக்டரின் யோசனைப்படி தடுப்பூசி போட்டுக்கொள்ளுவது உசிதம். கடியோ கீறலோ பட்டால், சோப்பிட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் அப்பலாகாது. முன்பு ஊசி போட்டவர்களும் போகத்தான் வேண்டும். கடித்த நாயை அடித்துக் கொல்லாமல் 10 நாள் தனியே வைத்துப் பார்க்க வேண்டும்.

இடமும் கட்டடமும்:- குடியிருப்புக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எட்டத்தில், சொந்த நிலத்தின் நடுப்பாகமே தகுந்தது. குரைப்பைப் பற்றிய வழக்கே முதலில் பஞ்சாயத்துக்கு வரும். தொழிலுக்கு என்னென்ன அனுமதி வேண்டுமென்பதை உள்ளாட்சி ஆபீசில் எழுத்து மூலம் கேட்டுப் பெற்ற பின்னரே கட்டடத்திற் கைவைக்கலாம். வேலி 6 அடிக்குக் குறையாதிருக்கட்டும். அடியில் தோண்டி வெளியேறாதபடி கல் பதிக்கவும். ஒன்றை மூடிய பிறகே மற்றொன்றைத் திறக்கும்படி இரட்டைக் கதவு அவசியம். இதற்கு ஆகும் செலவை வீண் என்று எண்ணுபவர், தொலைந்த நாயின் உடையவருக்குப் பதில் சொல்லும் நாளை நினைத்துப் பார்க்கட்டும். சுவரின் வெடிப்புகளைப் பூச்சு வேலையால் அடைத்துவிட வேண்டும். நாயுண்ணி சுவரேறி அவ்விடுக்குகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். உண்ணிக் காய்ச்சலுக்கு அதுவே காரணம். தகரக் கூரை வேண்டாம். நாய் மேனியெங்கும் வியர்ப்பதில்லை. இளைத்தே வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும். அதன் இயற்கை உஷ்ணம் 101 முதல் 102½ டிகிரி பாரன்ஹீட். 105க்கு மேற்போனால் ஆபத்து. உடனே சாதாரணத் தண்ணீரால் நனைத்து, காற்றுப்படச் செய்து, டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். வேலியோரம் அரளி இருந்தால் களைந்து வேம்பு, புங்கு நடவும். பூச்சி மருந்தும் எலிப் பாஷாணமும் அந்தக் கொட்டகையின் பக்கமே வரலாகாது. நாயின் மலத்தைக் கீரைப் பாத்திக்குரிய எருக்குழியில் போடுவது பெரிய தவறு. அதிலுள்ள புழு முட்டைகள் மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடிருந்து மனிதர்களுக்கும் தொற்றும். கிணற்றுக்கு எட்டத்தில் ஆழமான தனிக்குழி வெட்டவும்.

நாள் முழுவதும் குறுகிய சங்கிலியில் கட்டி வைப்பது 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும் என்பதையும் மறவாதிருக்க வேண்டும்.

வருமானத்தைச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் மன்னிக்கமாட்டார்கள். பெரிய நகரங்களை அடுத்த இடங்களில் நாயொன்றுக்கு நாளொன்றுக்குச் சில நூறு ரூபாய் முதல் ஆயிரம் ரூபாய் வரை வாங்குகிறார்கள். பன்னிரண்டு அறையை நாட்கட்டணத்தால் பெருக்கி, அதை 365ஆல் பெருக்கிக் கனவு காண வேண்டாம். கோடை விடுமுறை, தீபாவளி, பொங்கல் ஆகிய நாட்களில் இடமிராது. ஆடியிலும் புரட்டாசியிலும் பாதி அறைகள் காலி. அந்தக் காலத்தில் கூலியையும் கரண்டுச் செலவையும் தாங்குவது பகற்காப்பே. சிலர் நாயை விட்டுவிட்டுத் திரும்பி வருவதுமில்லை, கைபேசியும் எடுக்கமாட்டார்கள். ஆகையால் உடையவரின் விலாசச் சான்று, இரண்டாவது பொறுப்பாளர் ஒருவரின் பெயர், முன்பணம், அவசரத்தில் சிகிச்சை செய்விக்க எழுத்து மூலமான சம்மதம் ஆகியவற்றை வாங்கிக்கொண்டே அறைக் கதவைத் திறக்க வேண்டும். அப்படி விடப்பட்ட கறுப்பு நாயொன்று அத்தோப்பிலேயே இருக்கிறது. இரவில் காவல் செய்வது அதுதான்.

ஊரார் பண்டிகைக்குப் புறப்படும் நாளெல்லாம் விடுதிக்காரர் வீட்டிலேயே இருக்க வேண்டிய நாள். தம்பதிகள் இருவரும் சேர்ந்து ஒரு கலியாணத்துக்குப் போய் மூன்று வருஷமாகிறது என்றார்கள். வீட்டில் இரண்டு பேராவது மாறி மாறி இருக்கக்கூடியவர்களே இதில் இறங்கலாம். அவ்விதம் இறங்க விரும்புவோர் முதலில் நான்கு அறைகளோடு தொடங்கி, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தின் டாக்டரை இடத்துக்கு அழைத்துக் காட்டி, ஒரு கோடையும் ஒரு தீபாவளியும் கழிந்த பிறகு மேற்கொண்டு கட்டுவதைப் பற்றி யோசிக்கவும்.