டிஸ்க் கோல்ஃப்: வட்டு ஏன் இடப்பக்கம் சரிகிறது?

கோல்ஃபைப் போன்ற ஆட்டம்தான். ஆனால் இங்கே குழி இல்லை, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை உண்டு. பந்தும் மட்டையும் இல்லை, பிளாஸ்டிக் வட்டு மட்டுமே. குறைந்த வீச்சுகளில் வட்டைக் கூடைக்குள் சேர்ப்பவர் வெல்வார். ஃபிரிஸ்பீ எனும் பறக்கும் வட்டைத் தயாரித்த வாம்-ஓ நிறுவனத்தில் பணிபுரிந்த எட் ஹெட்ரிக், கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் 1975இல் இதற்கான முதல் நிரந்தரத் தடத்தை அமைத்தார். அப்போது கம்பங்களே இலக்கு. சங்கிலிக் கூடையை அவர் பிறகுதான் வடிவமைத்தார்.

புதிதாக ஆட வரும் வலக்கைக்காரர் பலருக்கும் ஒரே தொல்லை. ஓங்கி வீசிய வட்டு மேலே எழும்பும், தயங்கும், இடப்பக்கம் சரிந்து விழும். உடனே இன்னும் பலமாக வீசிப் பார்ப்பார்கள். வட்டு இன்னும் உயரப் போய் அதே பக்கம்தான் விழும்.

பறக்கும் வட்டுக்கு வேகமும் வேண்டும், சுழற்சியும் வேண்டும். வேகம் இருந்தால்தான் காற்று அதைத் தூக்கிப் பிடிக்கும். சுழற்சியோ, பம்பரத்தை நிமிர்த்தி வைப்பதுபோல, வட்டைக் கவிழாமல் காக்கும். வேகம் குறைந்து வட்டு இறங்கும்போது காற்று அதன் அடிப்புறத்தில் கூடுதல் சாய்வில் மோதுகிறது. தூக்குவிசை நடுவிலிருந்து முன்பக்கம் நகர்ந்து, முன்விளிம்பை உயர்த்தப் பார்க்கிறது. ஆனால் சுழலும் பொருளைத் தள்ளினால், விளைவு சுழலும் திசையில் கால் சுற்று தள்ளியே தெரியும். வலக்கைக்காரர் புறங்கை வீச்சில் வீசும் வட்டு, மேலிருந்து பார்த்தால், கடிகாரமுள் திசையில் சுழல்கிறது. அதனால் முன்விளிம்புக்குப் பதில் வலது விளிம்பு உயர்ந்து, வட்டு இடப்பக்கம் சரிகிறது. இடக்கைக்காரருக்கு எல்லாம் நேர்மாறு.

இந்தச் சரிவை முழுதும் ஒழிக்க முடியாது, தள்ளிப்போடலாம். வட்டைக் கையிலிருந்து விடும்போதே முன்விளிம்பு தூக்கியிருந்தால் வேகம் சீக்கிரம் கரைந்துவிடும். ஆகவே முன்விளிம்பு சற்றே தாழ்ந்திருக்கட்டும்.

வலக்கைக்காரர் புறங்கை வீச்சை இப்படித் தொடங்கலாம். நான்கு விரல்களையும் விளிம்பின் அடியில் மடக்கி, கட்டைவிரலை மேலே அழுத்துங்கள். வலது தோள் இலக்கை நோக்கும்படி பக்கவாட்டில் நின்று, உடல் எடையை இடது காலில் வைத்து, கையைப் பின்னே நீட்டுங்கள். எடையை முன்காலுக்கு மாற்றியபடி இடுப்பைத் திருப்புங்கள். அடுத்துத் தோள், பிறகு முழங்கை, கடைசியில் மணிக்கட்டு. இந்த வரிசைதான் சுழற்சியைத் தருகிறது. வட்டு மார்பை ஒட்டி நேர்கோட்டில் வரவேண்டும். உடலைச் சுற்றி வளைந்து வந்தால் குறி தப்பும். விட்ட பிறகும் உடலை முழுதாகத் திரும்பவிடுங்கள். சட்டென நிறுத்தினால் தோள் வலிக்கும்.

எந்த வட்டை வாங்குவது? பல வட்டுகளின் மேல் வேகம், மிதப்பு, ஆரம்ப வளைவு, இறுதிச் சரிவு ஆகியவற்றுக்கு நான்கு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். வேக எண் 12, 13 உள்ள, விளிம்பு கூரான, டிரைவர் எனப்படும் வட்டுகள் தேர்ந்த கைகளுக்கானவை. போதிய வேகம் கொடுக்காவிட்டால் அவை முன்னதாகவே சரிந்துவிடும். வேக எண் 2, 3 உள்ள, புட்டர் எனப்படும் வட்டு மெதுவான வீச்சிலும் நேராகப் பறக்கும். வீச்சில் கோணல் இருந்தால் அதையும் உடனே காட்டிக்கொடுக்கும்.

எனவே ஓட்டம் எதுவும் இல்லாமல், நின்ற இடத்திலிருந்தே புட்டரைத் தட்டையாக வீசிப் பழகுங்கள். அது நேராகப் போகத் தொடங்கிய பிறகு டிரைவர் வாங்கினால் போதும்.