துறைசார் மொழிபெயர்ப்பு

துறைசார் மொழிபெயர்ப்பு என்பது பொறியியல், மருத்துவம், அறிவியல், சட்டம் முதலிய சிறப்புத் துறைகளின் ஆவணங்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு மாற்றுவதாகும். இயந்திரக் கையேடுகள், மருந்துக் குறிப்புகள், காப்புரிமை ஆவணங்கள் போன்றவை இதில் அடங்கும். இக்கட்டுரை ஐரோப்பிய மொழிகளுக்கு இடையே நடைபெறும் துறைசார் மொழிபெயர்ப்பை விளக்குகின்றது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகியவை இலத்தீன், கிரேக்க வேர்களிலிருந்து உருவான பல கலைச்சொற்களைப் பொதுவாகக் கொண்டுள்ளன. எனவே இப்பணி எளிது எனத் தோன்றலாம். ஆனால் இந்த ஒற்றுமையே பல பிழைகளுக்குக் காரணமாகின்றது.

சொல்லும் கருத்துருவும்

ஆஸ்திரியப் பொறியியலாளரான ஓய்கன் வூஸ்டர் (1898–1977) கலைச்சொல்லியலின் முன்னோடியாகக் கருதப்படுகிறார். தொழில்நுட்ப மொழியைத் தரப்படுத்துவது பற்றிய அவரது நூல் 1931 இல் வெளிவந்தது. முதலில் கருத்துருவை வரையறுத்து, பின்னரே அதற்கு ஒவ்வொரு மொழியிலும் உள்ள சொல்லை இணைக்க வேண்டும் என்பது அவரது அணுகுமுறையாகும். 1968 இல் வெளியான அவரது இயந்திரக் கருவிகள் அகராதி, சொற்களை அகர வரிசையில் அல்லாமல் கருத்துருக்களின் வரிசையில் தந்தது.

இவ்வணுகுமுறையின் தேவையை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஆங்கிலத்தில் விபத்திலிருந்து காக்கும் பாதுகாப்பு "சேஃப்டி" எனவும், வேண்டுமென்றே செய்யப்படும் தீங்கிலிருந்து காக்கும் பாதுகாப்பு "செக்யூரிட்டி" எனவும் வழங்கும். ஜெர்மனில் இரண்டுக்கும் பொதுவாக "சிஷர்ஹைட்" என்ற ஒரே சொல் உண்டு. பிரெஞ்சில் "சேஃப்டி" என்பது இயந்திரங்களைப் பொறுத்தவரை "செக்யூரிடே" ஆகும். அணுமின் நிலையங்களைப் பொறுத்தவரை "சூர்டே" ஆகும். துறையை அறியாதவர் சரியான சொல்லைத் தேர்ந்தெடுக்க இயலாது.

பிழைக்கு வழிவகுப்பவை

* போலி ஒப்புமைச் சொற்கள்: ஆங்கிலத்தின் "பில்லியன்" இன்று நூறு கோடியைக் (10^9) குறிக்கும். ஜெர்மனின் "பில்லியோன்" ஒரு இலட்சம் கோடியைக் (10^12) குறிக்கும். ஆங்கிலத்தின் "சிலிக்கன்" என்ற தனிமம் பிரெஞ்சில் "சிலிசியம்" ஆகும். பிரெஞ்சின் "சிலிகோன்" வேறொரு பொருள்.
* எண்களை எழுதும் முறை: ஆங்கிலத்தில் 1.500 என்பது ஒன்றரை. ஜெர்மனில் அது ஆயிரத்து ஐந்நூறு.
* தொடர் பெயர்கள்: ஆங்கிலத்தில் அடுக்கிவரும் சொற்களுள் எது எதைத் தழுவுகிறது என்பது வெளிப்படையாகத் தெரிவதில்லை.

விளைவுகள்

2006–2007 இல் பெர்லினில் உள்ள ஒரு மருத்துவமனையில் 47 செயற்கை முழங்கால் மூட்டுகள் தவறான முறையில் பொருத்தப்பட்டன. உறையில் ஆங்கிலத்தில் "நான்-மாடுலர் சிமெண்டட்" என இருந்தது. பல பகுதிகளாக அமையாதது, எலும்பு சிமெண்ட் கொண்டு பொருத்த வேண்டியது என்பதே இதன் பொருள். "நான்" என்ற மறுப்பு "சிமெண்டட்" என்பதோடு சேர்த்துப் புரிந்துகொள்ளப்பட்டதால், மூட்டுகள் சிமெண்ட் இன்றிப் பொருத்தப்பட்டன.

மொழிபெயர்க்காமல் விடுவதும் ஆபத்தானது. பிரான்சின் எபினால் நகரில் 2004–2005 காலப்பகுதியில் கதிர்மருத்துவம் பெற்ற புரோஸ்டேட் புற்றுநோயாளிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு உள்ளாயினர், சிலர் உயிரிழந்தனர். மென்பொருள் ஆங்கிலத்தில் இருந்ததும், பணியாளர்களுக்குப் பிரெஞ்சு மொழிக் கையேடு இல்லாததும் காரணங்களுள் அடங்கும்.

ஒழுங்குமுறைகள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவல் மொழிகள் 1958 இல் நான்காக இருந்தன. 2013 முதல் 24 மொழிகள் உள்ளன. ஒவ்வொன்றிலிருந்தும் மற்றவற்றுக்கு மாற்ற 552 மொழியிணைகள் (24 × 23) உண்டாகின்றன. இதற்கு உதவும் "இயாட்டே" என்னும் கலைச்சொல் தரவுத்தளம் 2004 இல் ஒன்றிய நிறுவனங்களுக்குள் பயன்பாட்டுக்கு வந்து, 2007 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. வூஸ்டரின் அணுகுமுறையைப் போலவே, இதில் பதிவுகள் கருத்துருக்களின் அடிப்படையில் அமைந்துள்ளன.

2006 ஆம் ஆண்டின் இயந்திர நெறியாணை, மொழிபெயர்க்கப்பட்ட கையேட்டில் அது மூலத்தின் மொழிபெயர்ப்பு எனக் குறிப்பிட வேண்டும் என விதித்தது. ஐயம் எழுந்தால் மூலத்தைப் பார்க்க இது வழிசெய்கின்றது. அதே ஆண்டில் வந்த ஐரோப்பியத் தரம் இஎன் 15038, மொழிபெயர்ப்பை இரண்டாமவர் ஒருவர் மூலத்துடன் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என வரையறுத்தது. 2015 இல் இதற்கு மாற்றாக வந்த ஐஎஸ்ஓ 17100 தரமும் இவ்விதியைக் கொண்டுள்ளது. கணினி மொழிபெயர்ப்பு பரவலான பின்னரும், கருத்துருவை அறிந்த ஒருவர் சரிபார்ப்பது இத்துறையில் இன்றியமையாததாகும்.