வியாழனைச் சுற்றும் காந்தமானி

ஒரு கோளின் காந்தப்புலத்தை அதைச் சுற்றிவரும் விண்கலத்திலிருந்து அளக்க முற்படுவோருக்கு முதல் இடையூறாக நிற்பது அந்த விண்கலமே. மின்சாரம் பாயும் ஒவ்வொரு கம்பியும் தனக்கெனச் சிறியதொரு காந்தப்புலத்தை உண்டாக்குவதால், கருவியைக் கலத்தின் நடுவில் பொருத்தினால் இரண்டு புலங்களும் பிரித்தறிய இயலாதபடி கலந்தே பதிவாகும். 2011 ஆகஸ்டில் ஏவப்பட்டு 2016 ஜூலையில் வியாழனை அடைந்த நாசாவின் ஜூனோ கலத்தில், மூன்று சூரியத் தகட்டு இறக்கைகளுள் ஒன்றின் நுனியில் ஏறத்தாழ 4 மீட்டர் நீளச் சட்டம் ஒன்றை நீட்டி, கலத்தின் மையத்திலிருந்து சுமார் 10 மீட்டரிலும் 12 மீட்டரிலும் இரண்டு காந்தமானிகளைப் பொருத்தினர். கோளின் புலம் இரண்டிலும் ஒரே அளவாகப் பதிய, கலத்தின் புலமோ தொலைவு கூடக்கூட வேகமாகத் தேய்வதால், இரு அளவீடுகளின் வேறுபாட்டைக் கொண்டே கலத்தின் பங்கை இனங்கண்டு கழித்துவிடலாம்.

இவை ஃபிளக்ஸ்கேட் வகைக் காந்தமானிகள். எளிதில் காந்தமேறும் உலோக உள்ளகத்தைச் சுற்றியுள்ள சுருளில் மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்தி, அதற்குமேல் காந்தமேற முடியாத செறிவுநிலைக்கு உள்ளகத்தை இரு திசைகளிலும் மாறிமாறிக் கொண்டுசெல்லும்போது, வெளிப்புலம் இருந்தால் ஒரு திசையில் செறிவு முந்திக்கொள்ளும். அந்தச் சமச்சீர்க் குலைவே வெளிப்புலத்தின் அளவைத் தருகிறது. ஆயினும் அளவு மட்டும் போதாது, திசையும் வேண்டும். வெப்பமாற்றத்தால் இறக்கை சற்றே வளைந்தாலும் திசை பிழைபடும் என்பதால், ஒவ்வொரு காந்தமானியின் அருகிலும் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய இரண்டு கேமராக்கள் விண்மீன்களைப் படமெடுத்து, கருவி நோக்கும் திசையைக் கணித்துக்கொண்டே இருக்கின்றன. வலிமைமிக்க புலத்தில் மிகச்சிறு கோணப்பிழையும் பெரும்பிழையாகிவிடும் என்பதை எண்ணினால், இந்தக் கேமராக்களைத் துணைக்கருவி என்று சொல்லி ஒதுக்க மனம் வராது.

இத்தனை கவனத்துக்கும் உரிய பலன் கிட்டியது. துருவங்களின்மேல் செல்லும் பாதையில், முகில்களுக்கு மேலே சில ஆயிரம் கிலோமீட்டர் உயரம்வரை தாழ்ந்து பறந்த ஜூனோ, சுமார் 5 கௌஸ் எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் 7.766 கௌஸ் அளந்தது; புவியின் மேற்பரப்பில் புலம் 1 கௌஸைக்கூட எட்டுவதில்லை. நிலநடுக்கோட்டை ஒட்டி, புலக்கோடுகள் அடர்ந்து கோளுக்குள் நுழையும் பகுதி ஒன்றும் புலப்பட்டது. காந்த வரைபடத்தில் நீலமாகத் தீட்டப்பட்டதாலேயே அதற்குப் ‘பெரும் நீலப் புள்ளி’ என்று பெயர். தொலைநோக்கியில் அப்படியொரு நீலம் தென்படாது. பயனீர், வாயேஜர், யுலிசிஸ் கலங்களின் பழைய அளவீடுகளோடு 2019இல் ஒப்பிட்டபோது, இடைப்பட்ட காலத்தில் வியாழனின் புலம் மாறியிருப்பதும், அம்மாற்றம் இப்புள்ளியில் மிகுந்திருப்பதும் தெரியவந்தன. முகில்களுக்குக் கீழே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் ஆழம்வரை வீசும் காற்றுகள் புலத்தை இழுத்துச் செல்வதே அதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்கினர்.