மடங்கிய விரல்கள் நிமிர்ந்த விதம்



நம் வடலூர் வயல்களில் களை பறிக்கவோ மண்வெட்டி பிடிக்கவோ விரல்கள் முதலில் விரிய வேண்டும். தொழுநோய் முழங்கை அருகே ஓடும் நரம்பைக் கெடுத்துவிட்டால், உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்து, விரல்கள் பருந்தின் நகம்போல் மடங்கிவிடும். அந்தக் கையில் கத்தி வைத்தால் புண் ஆறாது என்றே வைத்தியர்கள் பலரும் நம்பியிருந்தார்கள்.

1914-ல் கொல்லிமலையில் மிஷனெரி தம்பதியருக்குப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில், கை மடங்கிய ஒருவரிடம் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். வலி தாங்கவில்லை! முன்கைத் தசைகள் பலமாகவே இருந்தன.

கட்டைவிரல் நீங்கலாக ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு தசைநாண்கள் உண்டு. ஒன்று போதும். மற்றதை இடம் மாற்றி, பக்கவாட்டாகக் கொண்டுபோய் விரலின் மேற்புறத்தில் தைத்தால் அது விரலை நிமிர்த்தும். 1948-ல் இந்தச் சிகிச்சை தொடங்கியது. புண்களும் எல்லாருக்கும் ஆறுவதுபோலவே ஆறின. ஆனால் அறுவை பாதி வேலைதான். மடக்கிப் பழகிய தசைக்கு நிமிர்த்தக் கற்றுக்கொடுக்க வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும்.

உணர்ச்சி மட்டும் திரும்பாது. விரல்கள் அழுகி உதிர்வதில்லை, வலி தெரியாமல் படும் காயங்களாலேயே தேய்கின்றன என்பதை அவரும் உடன் ஊழியரும் எடுத்துக்காட்டினார்கள். ஆகையால் நிமிர்ந்த விரல்களையும் தினமும் கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டியிருந்தது.