கல் நகர்ந்ததா? வயிற்று எக்ஸ்ரே சொல்லும் சேதி

முதுகு முறிந்த நோயாளி ஒருவரை ராண்ட்ஜன் கதிரால் (எக்ஸ்ரே) பார்க்க வேண்டியிருக்கிறது என்று, 1899-இல் கொல்கத்தாவிலிருந்து ஜகதீஷ் சந்திர போஸ் தாகூருக்கு எழுதினார். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, கிளாஸ்கோ மருத்துவர் ஜான் மெக்கின்டயர் சிறுநீரகக் கல்லை எக்ஸ்ரேயில் காட்டிவிட்டார். கொல்கத்தா மருத்துவர்கள் இன்று சீட்டில் 'கே.யு.பி.' என்று எழுதுவது அந்தப் படத்தின் வாரிசைத்தான். சிறுநீரகம், சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பை மூன்றும் இருக்கும் பகுதி முழுவதும் அதில் விழும்.

விழுந்தாலும் எல்லாம் தெரியாது. கால்சியம் கலந்த கல் வெள்ளையாகத் தெரியும். பெரும்பாலான கற்கள் அந்த வகைதான். யூரிக் அமிலக் கல் தெரியவே தெரியாது. குடலில் காற்றும் மலமும் நிறைந்திருந்தால் சிறிய கல் மறைந்துபோகும். இடுப்புப் பகுதி சிரை ரத்தக்குழாயில் படிந்த சுண்ணாம்புப் புள்ளி கல்லைப் போலவே ஏமாற்றும். அதனால் விலாவில் திடீரென வலி வந்தவருக்கு முதலில் அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் சி.டி. என்பதே சரியான வரிசை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றதும் கல்லே இல்லை என்று நிம்மதியாகிவிடுவது ஆபத்து.

பிறகு எதற்கு இந்தப் படம்? இருப்பது தெரிந்த கல்லைப் பின்தொடர. அது கீழே இறங்கியதா, அதிர்வலை சிகிச்சையில் உடைந்ததா, துண்டுகள் வெளியேறினவா என்பதை இரண்டு படங்களை அருகருகே வைத்தால் பார்த்துவிடலாம். இதற்கு ஒவ்வொரு முறையும் சி.டி. எடுப்பது வீண். வழக்கமான வயிற்று சி.டி.யின் கதிர்வீச்சு இதைவிடப் பல மடங்கு. கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும் பெண்கள் மட்டும், எந்தப் படமானாலும் எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

கொல்கத்தாவிலிருந்து வேலூருக்கு ரயிலேறி வரும் நோயாளிகளைக் காட்பாடியில் எப்போதும் பார்க்கலாம். ஊர் மாறிச் சிகிச்சை பெறுபவர்களிடம் பழைய படம் இருந்தால்தான் ஒப்பிட முடியும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இவர்களைப் பற்றி எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. சிறுநீர்க்குழாயில் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். வலி தீர்ந்ததும் அது உள்ளே இருப்பதே மறந்துபோகிறது. மாதக்கணக்கில் விட்டால் அதன்மேலேயே கல் படியும், அடைப்பு ஏற்படும், சிறுநீரகமே கெடலாம். ஸ்டென்ட் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும். இருபுறமும் சுருண்ட அதன் நுனிகள் இடம் மாறியிருக்கின்றனவா, மேலே கல் படிந்திருக்கிறதா என்பதையும் இந்த ஒரு படமே காட்டிவிடும். வீடு திரும்பும் நாளில் மருத்துவர் தரும் சீட்டில், ஸ்டென்ட்டை எடுக்க வேண்டிய தேதியைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.